மாடிக்கு வந்த சொல்

பதினான்காம் டோக்கனைக் கூப்பிட்டாயிற்று, எங்களுடையது இருபத்து மூன்று, இன்னும் ஒன்பது குடும்பங்கள் உள்ளே போய் விரலை அழுத்தி, கேமராவுக்கு முன் சிரிக்காமல் நின்றுவிட்டு வெளியே வர வேண்டும், அதற்குள் இந்தச் சொல்லை நான் ஒரு வழி பண்ணியாக வேண்டும். ரிகால்சிட்ரன்ட். உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்க்கிறேன். சரளைக் கல்லில் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் தகரக் கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி இருக்கிறது. எழுபத்தொரு வயதில், சார்பதிவாளர் அலுவலகத்து இரும்பு நாற்காலியில், பரீட்சைக்கு வந்த பிள்ளை போல ஒரு ஆங்கிலச் சொல்லை உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வனஜா, என் தம்பி பெண்டாட்டி, மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். பைக்குள் எனக்கான பட்டுப்புடவை. நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் வாசல் வேப்பமரத்தடியில் வைத்து அதை என் கையில் கொடுப்பார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பிறந்த வீட்டில் எனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று பெண் எழுதிக் கொடுப்பாள், உடன்பிறந்தவன் புடவை எடுத்துக் கொடுப்பான், பிறகு எல்லோருமாகப் போய் ஓட்டலில் சாப்பிடுவார்கள். அந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை, எதிலிருந்து விடுதலை என்று அதில் போட்டிருக்காது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். ஆற்றுக்கு வடகரையில் எங்கள் வீடு, கீழே தம்பி சௌந்தரத்தின் குடும்பம், மாடியில் நான். தங்கை கோமதி போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு நானும் கொடுத்தால் வீடு முழுக்கச் சௌந்தரத்துக்கு. அவன் மகன் அதை இடித்து ஆறு ஃபிளாட் கட்டுவான், அதில் ஓர் அறை உயிர் இருக்கிற வரைக்கும் எனக்கு என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். வாயால். கொடுக்காவிட்டால் வீட்டில் என் பங்கு நிற்கும், தம்பி என்னோடு நிற்க மாட்டான். "வர்றேன்" என்றுதான் நேற்றுச் சொன்னேன். அவன் அழுதான், வேறென்ன சொல்ல முடியும். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேனா? சொல்லவில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை.

இந்தச் சொல் என்னிடம் வந்து சேர்ந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வனஜா ஏன் என்று கேட்பாள், முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொள்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் தபால்காரர் தெருவில் நின்று என் முழுப்பெயரைக் கூப்பிட்டார். பதிவுத் தபால். அனுப்பியவர் ஒரு வக்கீல், அவருடைய கட்சிக்காரர் குடியிருப்பது எங்கள் கதவு எண்ணில், பெறுகிற நான் குடியிருப்பதும் அதே கதவு எண்ணில், மாடி என்று மட்டும் கூடுதலாக. கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு ஒரு கடிதம் தபாலாபீஸ் போய் முத்திரை குத்திக்கொண்டு வந்திருக்கிறது. நான் வாங்கும்போது சௌந்தரம் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "டே சௌந்தரம், உன் லெட்டர் வந்திருச்சுடா" என்றேன். "எந்த லெட்டர்க்கா?" "நீ எனக்குப் போட்ட லெட்டர்." பிறகு, "சட்னி இன்னும் கொஞ்சம் வை" என்று வனஜாவிடம் சொல்கிற குரல். அவன் அப்படித்தான், வெட்கம் வந்தால் சாப்பிடுவான், சின்ன வயதிலிருந்தே. மாடிக்கு வந்து பிரித்தேன். ஆங்கிலம். என் கட்சிக்காரர் பலமுறை அன்போடு கேட்டுக்கொண்டும் தாங்கள் தக்க காரணம் ஏதுமின்றி ரிகால்சிட்ரன்ட்டாக இருந்து வருகிறீர்கள். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சரித்திரம் எடுத்து பி.ஏ. படித்தவள், முப்பத்து நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள், எனக்குத் தெரியவில்லை. திட்டு வாங்குவது பெரிய விஷயம் இல்லை, எத்தனையோ வாங்கியாயிற்று. என்ன திட்டு என்று தெரியாமல் வாங்குவது இருக்கிறதே, இருட்டில் யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போன மாதிரி, எந்தக் கை என்றுகூடத் தெரியாது. கீழே இறங்கிப் போய்க் கேட்டேன். "இதுக்கு என்னடா அர்த்தம்?" அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான், எழுத்தெழுத்தாகப் படித்தான், "எனக்கென்னக்கா தெரியும், வக்கீல் போட்டது. எல்லா நோட்டீஸ்லயும் போடுவாங்களாம், நீ மனசுல வச்சுக்காத" என்றான். தனக்கே தெரியாத சொல்லால் என்னைத் திட்டியிருக்கிறான். சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே படித்துத் தொலைக்கிறேன் என்று மறுபடி மாடிக்கு வந்தேன்.

"மதினி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்கிறாள் வனஜா. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். பதினாறு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போகிறார்கள், அவள் கொலுசுச் சத்தம் கதவு வரைக்கும் போய் நிற்கிறது. கல்லூரியில் வாங்கிய அகராதி, அட்டை போய் ஒட்டுப் போட்டது, அதில்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். அடங்க மறுக்கிற, சொன்னபடி கேட்காத. ஓ, இவ்வளவுதானா, பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. ஆனால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் பிறந்த கதையும் போட்டிருந்தது. லத்தீனில் குதிங்கால் என்ற சொல்லிலிருந்து வந்ததாம், பின்னங்காலால் எட்டி உதைப்பது என்று அதற்கு முதல் அர்த்தமாம். கழுதை, கோவேறு கழுதை, குதிரை. ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு மிருகம் உதைத்திருக்கிறது, அது உதைத்த சத்தம் ஊர் ஊராக வந்து எங்கள் வீட்டு மாடியில் என் கையில் இருக்கிறது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கோபம் இல்லை. கோபம் என்றால் பசித்திருக்கும். பிறகு செல்போனில் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று தேடினேன், அர்த்தம் தெரிந்தால் போதாதே, அது யார் வாயிலிருந்து யார் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டுமே. ரிகால்சிட்ரன்ட் குழந்தை. ரிகால்சிட்ரன்ட் கைதிகள். ரிகால்சிட்ரன்ட் மாணவன், கோவேறு கழுதை, திறக்க மறுக்கிற பூட்டு, எந்த மருந்துக்கும் ஆறாத படர்தாமரை. குழந்தைக்கும் கைதிக்கும் படர்தாமரைக்கும் நடுவில் எனக்கு ஓர் இடம் போட்டு உட்கார வைத்திருக்கிறான் என் தம்பி.

பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கேள்வி வரும், கீழ்க்காணும் சொல்லைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக, இரண்டு மதிப்பெண். எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் அதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. சொல் எதுவானாலும், ராமன் ஒரு இன்ன பையன். ராமன் நேர்மையான பையன், ராமன் சோம்பேறியான பையன், அர்த்தம் தெரியாவிட்டாலும் ராமன் தாங்கிக்கொள்வான், ஒரு மார்க்காவது விழும். பாவம் ராமன், அந்த வருஷம் முழுக்க அவன் எல்லாமாகவும் இருந்தான். சொந்த வாக்கியம் என்று சொன்னார்களே தவிர யாரும் சொந்தமாக ஒன்றும் எழுதவில்லை. இந்த மூன்று வாரமாக நான் எழுதிப் பார்க்கிறேன், மனசுக்குள். முதல் வாக்கியம், அங்கயற்கண்ணி ஒரு ரிகால்சிட்ரன்ட் கிழவி. அது சௌந்தரத்தின் வாக்கியம், என் சொந்தம் இல்லை. இரண்டாவது, சௌந்தரபாண்டியன் ஒரு ரிகால்சிட்ரன்ட் தம்பி. எழுதலாம், பிழை இல்லை, ஆனால் என்னவோ உட்காரவில்லை, பெரிய சட்டையைச் சின்னப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஏன் உட்காரவில்லை? அவனும் பிடிவாதக்காரன்தான், என்னைவிடப் பிடிவாதக்காரன், மூன்று வருஷமாகக் கேட்டதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு ஏன்? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறேன். துணி ஆணியில் மாட்டினால் எப்படி இருக்கும், இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது, அப்படி.

முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து வனஜாவிடம், "உங்களுக்கு என்ன பத்திரம்மா?" என்கிறார். "விடுதலைங்க. எங்க மதினி எழுதித் தர்றாங்க." அவர் என்னைக் கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வனஜாவிடம் சொல்கிறார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க. எங்க அக்கா என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துருச்சு. கூடப் பொறந்தவன்னு ஒரு இது வேணாம்? பொம்பளையா அது." வனஜா உச்சுக் கொட்டுகிறாள். எனக்கு அந்த அக்காவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எந்த ஊர், என்ன வயசு, அவளுக்கு வந்த நோட்டீஸிலும் இந்தச் சொல் இருந்ததா, இருந்திருந்தால் அகராதியைப் பிரித்தாளா, பிரிக்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதா. வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக என் செருப்பை நோக்கி இழுக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் பால்காரர் மாட்டையே ஓட்டிக்கொண்டு வருவார், வாசலில் வைத்துக் கறந்து கொடுத்தால்தான் அம்மா நம்புவாள். வெள்ளை மாடு, ஒரு கொம்பு வளைந்தது. அது உதைக்கும். செம்பு உருண்டு தெருவெல்லாம் பால் ஓடும், அவர் கெட்ட வார்த்தை சொல்லிப் பின்னங்கால் இரண்டையும் கயிற்றால் கட்டுவார். கன்றுக்குட்டியைக் கண்ணில் படாமல் பக்கத்துச் சந்தில் கட்டினால்தான் அது உதைக்கும், கூடவே நிறுத்தினால் கல் மாதிரி நிற்கும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது அது. "கன்னுக்குட்டிய இங்க கட்டுங்க, உதைக்காது" என்று சொன்னேன். "போம்மா, உனக்கென்ன தெரியும்" என்றார். தக்க காரணம் ஏதுமின்றி. வக்கீல் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அகராதியிலும் காரணத்துக்கு இடம் இல்லை, அடங்க மறுக்கிற, அத்தோடு முற்றுப்புள்ளி. பிறகு ஒருநாள் வேறு மாட்டோடு வந்தார். அந்த வெள்ளை மாடு எங்கே என்று கேட்டேன், வித்தாச்சு என்றார். எங்கே விற்றார் என்று நான் கேட்கவில்லை, அம்மா கேட்க வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அந்தப் பயம், உதைத்தால் விற்றுவிடுவார்கள் என்கிற பயம், அடிவயிற்றில் அப்போது போய் உட்கார்ந்ததுதான், எழுபத்தொன்றிலும் அங்கேயே இருக்கிறது, இப்போது கையை வைத்தால்கூடத் தட்டுப்படும்.

பத்தொன்பது. சௌந்தரம் வாசலிலிருந்து வந்து எட்டிப் பார்க்கிறான், பத்திரம் எழுதுகிற சிக்கந்தர் பாயோடு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தான், வேட்டி நுனியால் கழுத்தைத் துடைக்கிறான். "டீ சொல்லவாக்கா? சர்க்கரை இல்லாம?" எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவனுக்கு நினைவிருக்கிறது. இதுதான் கஷ்டம். கெட்டவன் என்றால் எவ்வளவு சுலபம். போன வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், என்னைத் தூக்கி உட்கார வைத்து, உடம்பைத் துடைத்து, பத்து நாள் முதுகுக்குத் தைலம் தேய்த்தவள் இந்த வனஜா. அவள் உள்ளங்கை சூடு இப்போதும் முதுகில் இருக்கிறது. நாளைக்கு விழுந்தால் யார் தூக்குவார்கள்? இதைத்தான் கோமதியும் கேட்டாள், நேற்றுப் போனில். "அக்கா, நம்ம என்ன அள்ளிக்கிட்டா போகப் போறோம். நான் போட்டுட்டேன், நிம்மதியா இருக்கேன். பொடவை என்ன கலர் தெரியுமா, அரக்கு, நல்ல பார்டரு." "உனக்கு உங்க வீடு இருக்குடி" என்றேன். "உனக்கும் இருக்கும்க்கா, தம்பி விட்டுருவானா?" "தம்பி விட்டா இருக்கும், விடாட்டி இருக்காது, அதான சொல்ற?" "நீ எதையும் குதர்க்கமாவே பேசுவ" என்று வைத்துவிட்டாள். அம்மாவும் ஒரு காலத்தில் இப்படி எழுதிக் கொடுத்தவள்தான், தன் அண்ணன்களுக்கு. கிளிப்பச்சையில் ஒரு பட்டு கொடுத்தார்கள். அவள் அதை ஒரு தடவைகூடக் கட்டி நான் பார்த்ததில்லை. அம்மா பதினோரு வருஷம் படுத்துக் கிடந்தபோது நான்தான் பார்த்தேன், கல்யாணம் ஆகாதவள், மாடியில் இருக்கிறவள், வேறு யார் பார்ப்பார்கள். அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்தேன். விரித்ததும் மடிப்பு மடிப்பாகக் கையோடு வந்துவிட்டது, ஏழெட்டுத் துண்டு, கத்திரியால் வெட்டின மாதிரி நேராக. பட்டு கத்தும் என்று சொல்வார்கள், புதுப் பட்டு. அது கத்தவே இல்லை. "டீ வேணாம்டா" என்கிறேன். "வெயில் தலைக்கு ஏறிடும், ரெண்டு வாய் குடி" என்கிறான். "உன் வக்கீலுக்கு வாங்கிக் குடு" என்கிறேன். "ஆரம்பிச்சிட்டியா" என்று சிரித்துக்கொண்டே போகிறான். அவனுக்கு நான் போட்டுவிடுவேன் என்று நிச்சயம். கேட்ட இடத்தில் எப்போதும் கையெழுத்துப் போட்டவள் நான்.

எக்ஸ்சேஞ்சிலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். எழுபத்தொன்பதோ எண்பதோ, டிரங்க் கால் காலம், வெளியூர்ப் பேச்செல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும், மூன்று நிமிஷம் ஆனால் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டும், மறுபடி மூன்று ஆனால் வெட்டிவிட வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து ஒருத்தி பேசினாள், யாரோ இறந்துபோன சேதி, பேசினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு மட்டும்தான் கேட்டது, அந்தப் பக்கம் இருந்தவர், "சொல்லு, சொல்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கை பிளக்கின் மேல் இருந்தது, இழுக்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது நிமிஷம். பின்னால் சூப்பர்வைசர் வந்து நின்றது தெரிந்தும் இழுக்கவில்லை. மறுநாள் மெமோ, கடமையில் அலட்சியம் என்று. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், மூன்றாம் நாள் இன்கிரிமெண்ட் போய்விடும் என்று எல்லோரும் சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு நின்று மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன். அப்படியே, மறுபடி நடக்கவும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை மூச்சை வெட்டியிருப்பேன், மூன்றாவது நிமிஷத்தில், ஆறாவது நிமிஷத்தில், மரியாதையான ஆங்கிலத்தில். அந்தக் கடிதம் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் மக்கிக்கொண்டிருக்கும், கீழே என் கையெழுத்து, மணிமணியாக. அழகாகக் கையெழுத்துப் போடுவேன், எல்லோரும் சொல்வார்கள். இருபத்தொன்று. இருபத்தொன்றா? இருபது எப்போது போயிற்று? கைக்குட்டை ஈரமாகி இருக்கிறது. பயம் என்று சொல்ல மாட்டேன், வெயில்.

திரும்ப அந்த ஆணிக்கே வருகிறேன். தம்பி மேல் ஏன் அந்தச் சொல் உட்காரவில்லை? மூன்றாவது வாக்கியம் எழுதிப் பார்க்கிறேன், யானை ரிகால்சிட்ரன்ட். சரி, நன்றாக உட்காருகிறது. பாகன் ரிகால்சிட்ரன்ட். உட்காரவில்லை. நான்காவது, கைதி. உட்காருகிறது. சிறை அதிகாரி, இல்லை. குழந்தை, சரி. குழந்தையை அடிக்கிற அப்பா, இல்லை. எத்தனை கோபக்காரனாக இருந்தாலும், எத்தனை முரடனாக இருந்தாலும், கையில் கயிறு வைத்திருப்பவனை அந்தச் சொல் தொடாது, கயிற்றின் இந்த நுனியில் இருப்பதைத்தான் தொடும். அர்த்தத்தில் இல்லை அது, அகராதிக்காரன் அதை எழுதவில்லை, பழகிப் பார்த்தால்தான் தெரிகிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன், வனஜா என்ன என்று பார்க்கிறாள். மூன்று வாரமாக நான் என்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறேன், என் பிடிவாதம் நல்லதா கெட்டதா, காரணம் போதுமா போதாதா, அம்மாவைப் பார்த்துக்கொண்டதைச் சொல்லலாமா, சொன்னால் கூலி கேட்கிற மாதிரி ஆகுமா என்று. கேள்வியே அது இல்லை. அந்தச் சொல்லை என் மேல் போடுவதற்கு முன்னால் அவர்கள் ஒன்றை முடிவு செய்திருக்கிறார்கள், வீடு அவனுடையது, நான் அதில் கட்டிப்போட்டிருப்பது என்று. நோட்டீஸில் சொத்து விவரம், எல்லைகள், கிழக்கே இன்னார் வீடு, மேற்கே சந்து, எல்லாம் எழுதியிருந்தார்கள், அது எதுவும் எனக்குச் சொல்லாததை இந்த ஒரு சொல் சொல்லிவிட்டது. சௌந்தரத்துக்கு அது தெரியாது. அவன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தெரியாமலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவனிடம் யாரோ கொடுத்தார்கள், அவர்களுக்கு வேறு யாரோ கொடுத்தார்கள், பிறந்ததிலிருந்து கையில் இருப்பதால் கை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். ஐந்தாவது வாக்கியம். அதை இன்னும் நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். தம்பி, நான் உன் மாடு இல்லை. அதில் அந்தச் சொல்லே வரவில்லை, இரண்டு மார்க்கும் போச்சு. போகட்டும். வனஜா என் முழங்கையைத் தொடுகிறாள். "மதினி, நம்மதான். எந்திரிங்க." அவள் கைச் சூடு. எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறேன்.

உள்ளே ஏசிக் குளிர். சார்பதிவாளர் சின்னப் பெண், முப்பத்தைந்து இருக்கும், திரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள், இன்றைக்கு இருபத்திரண்டு முறை பேசியதையே பேசுகிற குரல், அந்தக் குரல் எனக்குத் தெரியும், முப்பத்து நான்கு வருஷம் என் குரலும் அதுதான். "அங்கயற்கண்ணி நீங்கதானே? பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" "தெரியும்மா." "யாரும் கட்டாயப்படுத்தலையே? சம்மதம்தானே?" விரல் வைக்கிற கருவியை என் பக்கம் தள்ளிவிட்டாள். சௌந்தரம் எனக்கு முன்னாலேயே தலையை ஆட்டுகிறான், கல்யாண வீட்டில் பெண்ணுக்காக மாமன் ஆட்டுகிற மாதிரி. "இல்லம்மா" என்கிறேன். அவள் முதல் முறையாகத் திரையை விட்டு என்னைப் பார்க்கிறாள். "எது இல்ல? கட்டாயம் இல்லையா, சம்மதம் இல்லையா?" "ரெண்டும் இல்ல. கட்டாயம் யாரும் பண்ணல. தம்பி அழுதான், அவ்வளவுதான். சம்மதம் இல்ல." என் குரல் எனக்கே கேட்கிறது, சின்னக் குரல், ஆனால் நடுவில் எங்கும் உடையவில்லை. "அக்கா" என்கிறான் சௌந்தரம், அந்த ஒரு சொல்லுக்குள் அறுபது வருஷம் இருக்கிறது, அதைக் கேட்டு நான் திரும்பினால் தீர்ந்தது, நான் அந்தப் பெண்ணின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கருவியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "அப்போ பதிய முடியாதுங்க. வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. இருபத்து நாலு."

வேப்பமரத்தடியில் நிற்கிறோம், நானும் வனஜாவும் சிக்கந்தர் பாயும். சௌந்தரம் தள்ளி, வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். "இப்படி அசிங்கப்படுத்திட்டியேக்கா. கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம்ல." "கிளம்பும்போது எனக்கே தெரியாதுடா." "அப்புறம் எப்பத் தெரிஞ்சுது?" "உக்காந்திருந்தப்ப." "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்கிறான். இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தேன், இந்த வாக்கியத்துக்கு. வந்துவிட்டது. வந்து என் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, வலிக்கிறது, இன்னும் வெகுநாள் வலிக்கும், ஆனால் மரம் மேலே அசைகிறது, சைக்கிளில் ஒருத்தன் இளநீர் கொண்டு போகிறான், நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். வனஜா கட்டைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறாள். அவள் முகத்தில் கோபமா அழுகையா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "பொடவை பில்லு பையிலயே இருக்குங்க" என்கிறாள், யாரிடம் என்று இல்லாமல். சிக்கந்தர் பாய் கக்கத்திலிருந்து எழுதுகிற அட்டையை எடுக்கிறார், எதற்கென்று அவருக்கே தெரியாது, கை பழக்கம். "அம்மா, இப்ப இந்தப் பத்திரத்தை என்ன செய்யட்டும்?" "வச்சிருங்க. வேற ஒண்ணு எழுதணும் பாய். பாகப்பிரிவினை. மாடி எனக்கு, கீழ்வீடு அவனுக்கு. வக்கீலும் வேணாம், ஆங்கிலமும் வேணாம், அவனுக்கும் எனக்கும் புரியிற தமிழ்ல எழுதுங்க." "தம்பி ஒத்துக்கணுமேம்மா." "நீங்க எழுதுங்க. ஒத்துக்கிறதை அவன் பாத்துப்பான்." அவர் அந்த முதுகை ஒரு தரம் பார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுகிறார். "வாசல்?" "பொது." "கிணறு?" "பொது." "படிக்கட்டு?" "அதுவும் பொதுதான்." "எத்தனை படிம்மா? விவரம் போடணும்." "பதினேழு." "பதினெட்டு" என்கிறது முதுகு. பாய் பேனாவை நிறுத்துகிறார். "அடிப்படி ஒண்ணு தரை ஒசத்துனப்ப உள்ள போயிருச்சு" என்கிறான் சௌந்தரம், திரும்பாமல், "அப்பா கட்டுனது பதினெட்டு." "உள்ள போனது போனதுதான்" என்கிறேன் நான். "தினம் ஏறி எறங்குறவ நான். பதினேழுன்னு எழுதுங்க பாய்." "அக்கா, பதினெட்டுக்கா" என்றபடி அவன் வெயிலிலிருந்து மரத்தடிக்கு வருகிறான்.